சொல்தா அண்ணனின் காரும் பிளாந்தேயின் ஈயத் தகடும்

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி ஒரு சொல்தா அண்ணன் இருந்தார். புதுச்சேரிக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை இங்கே சொல்தா என்போம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மாலை நேரத்தில் எங்கள் வீட்டு வராந்தாவுக்கு வருவார், சாய்வு நாற்காலியில் உட்காரும்போது தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொள்வதுபோல "ரெப்போ!" என்பார். அணிவகுப்பில் 'விறைப்பை விடு, இளைப்பாறு' என்பதற்கான பிரெஞ்சு ஆணை அது. ஓய்வு என்றும் அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு.

பிள்ளைகள் எல்லாரும் பிரான்சில். வருஷா வருஷம் ஜூலை 14 கொண்டாட்டம் முடிந்ததும் அண்ணன் விமானம் ஏறிவிடுவார். மழைக்காலம் தொடங்கும்போதுதான் திரும்புவார். அவரிடம் ஒரு மாருதி 800 இருந்தது. 2012ஆம் வருஷம் அதன் சாவியை என்னிடம் கொடுத்து, "தம்பி, வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓடவிடு. பேட்டரி படுத்துடக் கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

முப்பத்தைந்து வருஷம் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். சொன்னதைச் சொன்னபடி செய்வதில் குறை வைக்க மாட்டேன். ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போவேன். உறையை நீக்கி, ஸ்டார்ட் செய்து, கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, அணைத்து, உறையைப் போட்டுவிட்டு வருவேன். காலண்டரில் அந்தத் தேதிக்கு ஒரு டிக். பதினான்கு வாரம், பதினான்கு டிக். கடைசி ஞாயிறு மட்டும் என்ஜின் இழுத்து இழுத்துத்தான் கிளம்பியது. மழை ஈரம் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் ஊர் வந்து சேர்ந்த மறுநாள் விடியற்காலை காரைக்காலிலிருந்து போன் வந்தது. அவருடைய ஒரே தங்கை தவறிவிட்டார். அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். 'டிக்' என்று ஒரு சத்தம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. தெருப் பையன்கள் நாலு பேர் முனை வரை தள்ளினார்கள். பழைய அம்பாசடராக இருந்தால் கிளம்பியிருக்கும். இந்த வண்டியில் பெட்ரோல் பம்பே மின்சாரத்தில்தான் ஓட வேண்டும். அடைமழையில் வாடகைக் கார் கிடைக்க ஒன்பது மணி ஆயிற்று. காரைக்காலுக்கு நூற்று முப்பது கிலோமீட்டர். அவர் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். முகம் பார்க்கவில்லை.

திரும்பி வந்தவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாவியைப் பற்றிப் பேசவே இல்லை. மாலையில் வருவதும் நின்றுபோயிற்று.

பேட்டரிக்காரரை வரவழைத்தேன். மூடியைத் திறந்து ஹைட்ரோமீட்டரை விட்டு உறிஞ்சிப் பார்த்தார். முழுச் சார்ஜில் ஆயிரத்து இருநூற்றைம்பது காட்ட வேண்டிய மிதவை ஆயிரத்து நூறில் கிடந்தது. உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். பிளேட்டுகளின் மேல் வெளுப்பாக, சுண்ணாம்பு பூத்த மாதிரி இருந்தது. "இது இனி ஏறாது சார். சல்ஃபேட் பிடிச்சிடுச்சு."

"வாரா வாரம் ஸ்டார்ட் பண்ணேனேப்பா!"

"அதான் சார் கெடுத்துச்சு" என்றார் அவர். பிறகு மீட்டரை மாட்டிக் கணக்குச் சொன்னார். வண்டி நிற்கும்போதும் ரேடியோவின் நினைவுக்கும், என்ஜினை இயக்கும் மின்னணுப் பெட்டிக்குமாகச் சேர்த்து சுமார் 15 மில்லி ஆம்பியர் கசிந்துகொண்டே இருக்கிறது. ஒரு நாளைக்கு 0.36 ஆம்பியர்-மணி, வாரத்துக்கு இரண்டரை. நம் ஊர் வெக்கையில் பேட்டரி தானாகவே இழப்பது இன்னும் ஒன்று. ஆக வாரச் செலவு மூன்றரை. வரவு எவ்வளவு? ஐந்து நிமிஷ ஓட்டத்தில், ஸ்டார்ட்டர் எடுத்துக்கொண்டது போக, ஒரு ஆம்பியர்-மணிகூடத் தேறாது. வாரம் இரண்டரைக்குக் குறையாமல் பற்று. 35 ஆம்பியர்-மணி பேட்டரிக்குப் பதினான்கு வாரம் சரியாக வருகிறது. வாழ்நாளெல்லாம் வரவு செலவு எழுதியவனுக்கு இந்தக் கணக்கு ஓடவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

புதுப் பேட்டரி வாங்கிப் போட்டேன். ஆனால் மனது ஆறவில்லை. எட்டாம் வகுப்பிலோ ஒன்பதிலோ எங்கள் பௌதிக வாத்தியார் கரும்பலகையில் சுருட்டிய பாய்போல ஒரு படம் போட்டு, "அக்குமுலாத்தர் – காஸ்தோன் பிளாந்தே – 1859" என்று எழுதியது ஞாபகம் வந்தது. நான் படித்ததெல்லாம் பிரெஞ்சில். அந்தப் படிப்பு வேலையில் அதிகம் உதவவில்லை. ஓய்வுக்குப் பிறகு இதற்கு உதவியது. பிளாந்தே 1879இல் வெளியிட்ட மின்சார ஆராய்ச்சி நூலைத் தேடிப் பிடித்து, அகராதியும் கையுமாகப் படித்தேன்.

பிளாந்தே 1834இல் பிரான்சின் தென்மேற்கே ஓர்த்தேஸ் என்ற ஊரில் பிறந்தவர். பாரிஸில் கலைத்தொழில் கழகத்தில் பௌதிக உதவியாளராகச் சேர்ந்தார். இருபது வயதில் பாரிஸுக்கு அருகே மெதோன் பக்கத்தில் அவர் கண்டெடுத்த எலும்பு, பறக்க முடியாத ராட்சதப் பறவை ஒன்றினுடையது. அதற்கு அவர் பெயரையே வைத்து 'காஸ்தோர்னிஸ்' என்றார்கள். மின்சாரக்காரர் பெயரில் ஒரு பறவை. எனக்கு இந்தத் தகவல் ரொம்பப் பிடித்தது.

1859இல் அவர் செய்தது மிக எளிமையானது. இரண்டு காரீயத் தகடுகள்; அவை ஒன்றையொன்று தொடாதபடி இடையில் தடுப்பு; இரண்டையும் சேர்த்துப் பாயாகச் சுருட்டி, நீர் கலந்த கந்தக அமிலத்தில் நிறுத்தினார். மின்சாரத்தைச் செலுத்தினால் ஒரு தகடு பழுப்பேறும். பிறகு அதிலிருந்தே மின்சாரத்தைத் திரும்ப எடுக்கலாம். அடுத்த வருஷம் ஒன்பது செல்கள் சேர்த்த பேட்டரியை பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். நம் மோட்டார் பைக்கிலும் காரிலும் லாரியிலும் இருப்பது அதன் வம்சந்தான்.

ஆனால் சும்மா ஒரு தடவை ஏற்றினால் பழுப்பு என்பது மெல்லிய தோல் அளவுதான், கொள்ளளவு அற்பம். அதை வளர்க்க பிளாந்தே மாதக்கணக்கில் பாடுபட்டார். அப்போது டைனமோ புழக்கத்துக்கு வரவில்லை. துத்தநாகத்தையும் நைட்ரிக் அமிலத்தையும் தின்னும் புன்சன் செல்களிலிருந்துதான் மின்சாரம். ஏற்றுவார், இறக்குவார், திசையை மாற்றி ஏற்றுவார், நடுநடுவே சும்மா விட்டுவைப்பார். அந்த ஓய்வுக் காலத்தை வர வர நீட்டிக்கொண்டே போவார். இந்தச் சடங்கு முழுவதற்கும் 'ஃபொர்மாசியோன்' என்று பெயர். உருவாக்கம் என்று சொல்லலாம். அந்த ஓய்வுக்கு அவர் எழுதும் சொல் 'ரெப்போ'. படித்துக்கொண்டிருந்தவன் அங்கே சற்று நிறுத்திவிட்டேன்.

அந்த ஓய்வு எதற்கு? அமிலத்தில் நிற்கும் தகடு சும்மா நிற்பதில்லை. மேலே உள்ள பழுப்பு ஆக்ஸைடும் அடியில் உள்ள வெறும் காரீயமும் அமிலத்தின் துணையோடு தங்களுக்குள் ஒரு சின்ன பேட்டரியாகி, வெளியே கம்பியே இல்லாமல் மின்சாரத்தைச் செலவழிக்கின்றன. அந்தச் செலவில் அடியிலுள்ள காரீயமும் கொஞ்சம் அரிக்கப்பட்டு சல்ஃபேட் ஆகிறது. அடுத்த முறை ஏற்றும்போது அந்த சல்ஃபேட்டும் பழுப்பு ஆக்ஸைடாகிறது. தோல் தடிக்கிறது. ஒவ்வொரு ஓய்விலும் அரிப்பு ஓர் அடுக்கு ஆழமாகப் போகிறது. பிளாந்தேக்கு அந்த அரிப்பு, கூலி கேட்காமல் இரவெல்லாம் உழைத்த வேலைக்காரன்.

அண்ணன் காரின் பேட்டரியைக் கொன்றதும் அதே வேலைக்காரன்தான். பிளாந்தேயிடம் தடித்த தகடு இருந்தது. அரிக்க அரிக்கப் புதுச் சரக்கு வந்தது. நம்மிடம் அந்தக் கையிருப்பு இல்லை.

அது எங்கே போயிற்று என்றால், 1881க்குப் போக வேண்டும். காமிய் ஃபோர் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர், மாதக்கணக்கில் எதற்கு அரிக்கவிட வேண்டும் என்று யோசித்து, காரீய ஆக்ஸைடைக் களியாகக் குழைத்துத் தகட்டில் நேரடியாகப் பூசிவிட்டார். முன்பெல்லாம் இரும்புக்கு முதல் பூச்சாக 'ரெட் லெட்' அடிப்பார்களே, அதே சிவப்புப் பொடி. மாதங்கள் எடுத்த வேலை வெகுவாகச் சுருங்கியது. அந்த வருஷமே அவருடைய பேட்டரிப் பெட்டி ஒன்று சார்ஜோடு பாரிஸிலிருந்து கிளாஸ்கோவுக்குப் பயணம் செய்து வில்லியம் தாம்சன் கைக்குப் போனது. பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர். மின்சாரத்தைப் பெட்டியில் அடைத்து ஊர் விட்டு ஊர் அனுப்பலாம் என்பது அன்று பெரிய அதிசயம். அதே ஆண்டில் குஸ்தாவ் த்ரூவே என்பவர் பாரிஸ் தெருவில் மின்சார மூன்று சக்கர வண்டி ஓட்டினார். 1899இல் காமிய் ழெனாட்ஸி என்ற பெல்ஜியக்காரர் பேட்டரி வண்டியில் மணிக்கு 105 கிலோமீட்டரைத் தாண்டினார். சாலையில் நூறைத் தாண்டிய முதல் வண்டி பெட்ரோல் வண்டி இல்லை, இந்தக் காரீய வண்டிதான்.

ஃபோருக்குப் பிறகு கனத்த தகடு போய், ஜல்லடை மாதிரியான சட்டமும் அதன் கண்களில் அடைத்த களியும் வந்தன. காரீயம் மெதுவானது, சட்டம் வளையும் என்று ஆன்டிமனியைக் கலந்தார்கள். சட்டம் உறுதியாயிற்று, ஆனால் அந்த ஆன்டிமனி மெல்லக் கரைந்து எதிர்த் தகட்டில் போய்ப் படிந்து, சும்மா இருக்கும்போது ஏற்படும் கசிவை அதிகமாக்கியது. எடை குறைந்தது, விலை குறைந்தது, ஓய்வைத் தாங்கும் சக்தியும் குறைந்தது. மின்சாரம் இறங்கும்போது இரண்டு தகட்டிலுமே காரீய சல்ஃபேட் உண்டாகிறது என்பதை 1882இல் கிளாட்ஸ்டன், டிரைப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் எழுதினார்கள். புதிதாக உண்டான சல்ஃபேட் மாவு மாதிரி, உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்து மாறிவிடும். நாள்பட விட்டால் பொடி மணிகள் கரைந்து பெரிய மணிகளோடு சேர்ந்துகொள்ளும். வெல்லப்பாகு பூத்துக் கற்கண்டாவதுபோல. கற்கண்டான பிறகு சாதாரண சார்ஜருக்கு அசையாது. பேட்டரிக்காரர் டார்ச் அடித்துக் காட்டிய வெளுப்பு அதுதான்.

கார்களில் இந்தத் தொல்லை பெரிதானது 1912க்குப் பிறகு. அந்த வருஷ காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. கைப்பிடி போட்டுச் சுற்றும் வேலை ஒழிந்தது. பேட்டரி இல்லாமல் வண்டி இல்லை என்ற நிலையும் வந்தது. பனி விழும் நாடுகளில் அப்போது பலர் குளிர்காலம் முழுவதும் காரைக் கொட்டகையில் போட்டுவிடுவார்கள். அவர்கள் பேட்டரியைக் கழற்றி, பேட்டரி நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அங்கே இரண்டு வகை. ஒன்று, அமிலத்தைக் கொட்டி, பிளேட்டைப் பிரித்தெடுத்துக் காயவைப்பது. வசந்தத்தில் மறுபடி கோர்க்க வேண்டும். இன்னொன்று ஈர வைப்பு. பலகைமேல் வரிசையாக பேட்டரிகளை அடுக்கி, ஒன்றோடொன்று கம்பியால் கோர்த்து, கசிவுக்கு ஈடாகச் சொட்டுச் சொட்டாக மின்சாரம் விட்டுக்கொண்டே இருப்பது. மாட்டுக் கொட்டகை வாடகைபோல மாதாமாதம் காசு.

வீட்டிலேயே அதைச் செய்ய வழி வந்தது மாறுதிசை மின்சாரத்தை நேராக்கும் கருவிகளால். முதல் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவில் 'டங்கர்' என்ற வாயு நிரம்பிய குழல் வந்தது. 1920களில் ரேடியோப் பெட்டிகளும் காரீய பேட்டரியில்தான் பாடின. அதற்காகவே இரவு பகலாக மாட்டியே வைக்கிற சின்ன சார்ஜர்கள் விற்றன. 'டிரிக்கிள் சார்ஜர்' என்ற பெயர் நிலைத்தது அந்த ரேடியோக்காரர்களால்தான் என்பது என் எண்ணம்.

தொலைபேசி நிலையங்கள் இதில் நமக்கெல்லாம் அண்ணன். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு கோப்பு விஷயமாக டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் போனவனை அங்கிருந்த நண்பர் பேட்டரி அறைக்குக் கூட்டிப்போனார். இரண்டு வோல்ட் செல்கள் இருபத்துநான்கு, வரிசையாக. அமில நெடி மூக்கைப் பிடித்தது. "இது எப்போ வேலை செய்யும்?" என்று கேட்டேன். "கரண்ட் போனால்" என்றார். "போகாவிட்டால்?" "சும்மா இருக்கும். ஆனா சார்ஜ் ஓடிக்கிட்டே இருக்கும்." அன்றைக்கு அது வீண் செலவாகத் தெரிந்தது. இப்படிச் சும்மா நிற்கும் பேட்டரிகளுக்காகத்தான் 1935இல் அமெரிக்க பெல் ஆய்வுக்கூடத்தில் ஆன்டிமனிக்குப் பதில் கால்சியம் கலந்த சட்டத்தைச் செய்தார்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாத இன்றைய கார் பேட்டரிகள் அந்த வழி வந்தவை.

இவ்வளவும் படித்துவிட்டு, அடுத்த வருஷம் அண்ணன் கிளம்புவதற்கு முன் கடைக்குப் போய் ஒரு டிரிக்கிள் சார்ஜர் வாங்கினேன். சாவி கேட்கத் தைரியம் இல்லாமல் முதலில் என் ஸ்கூட்டர் பேட்டரியில் மாட்டிவைத்தேன். நல்ல வேளை. இரண்டு மாதத்தில் தண்ணீர் வற்றி, பிளேட் வெளியே தெரிந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தால் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு டயோடு, அவ்வளவுதான். பேட்டரி நிரம்பிவிட்டது என்று அதற்குத் தெரியாது. நிரம்பிய பிறகும் போகிற மின்சாரம் தண்ணீரைப் பிரித்து வாயுவாக்கும். நேர்த்தகட்டின் சட்டத்தையும் அரிக்கும். பட்டினி போட்டால் ஒரு சாவு, ஊட்டிக்கொண்டே இருந்தால் இன்னொரு சாவு.

இரண்டாவதாக வாங்கியது வோல்டேஜைப் பார்த்துத் தானே அடங்கும் ரகம். முதலில் 14.4 வரை ஏற்றி, பிறகு 13.5 அளவில் நின்றுவிடும். பேட்டரி எவ்வளவு இழக்கிறதோ அவ்வளவு மட்டும் கொடுக்கும். நம் ஊர் சூட்டுக்கு இன்னும் ஒரு புள்ளி இரண்டு புள்ளி குறைவாக இருப்பது நல்லது என்று பேட்டரிக்காரர் சொன்னார், 13.3க்குத் திருப்பிக் கொடுத்தார். காற்றோட்டமான இடத்தில் வைக்கச் சொன்னார், ஹைட்ரஜன் வரும் என்பதால். சார்ஜர் இல்லாதவர்கள் நெகடிவ் முனையைக் கழற்றி வைத்தால் ரேடியோவின் கசிவு நிற்கும். பேட்டரியின் சொந்தக் கசிவு நிற்காது. அதனால் மாதம் ஒருமுறை கழற்றிச் சார்ஜ் போட்டே ஆக வேண்டும். ஓய்ந்திருக்கும் பேட்டரியில் மீட்டர் 12.6க்கு மேல் காட்டினால் கவலையில்லை, 12.4க்குக் கீழே போனால் நாள் கடத்தக் கூடாது.

சார்ஜரை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். பிளாந்தே கதையைச் சொன்னேன். அவருடைய 'ரெப்போ' அந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்றதும் தலை நிமிர்ந்தார்.

"ரெப்போன்னா படுத்துக்கிறதுன்னு நெனச்சியா தம்பி? ரெப்போ சொன்னாலும் வரிசையிலதான் நிக்கணும். கால் மட்டும் தளரும். துப்பாக்கி கையிலதான்."

எழுந்து போய் ஆணியிலிருந்து சாவியை எடுத்து வந்தார். தங்கையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அதன் பிறகு ஐந்து முறை போய் வந்தார். ஐந்து முறையும் வந்த மறுநாள் காலையில் நான் போய் நிற்பேன், அவர் சாவியைத் திருப்புவார், வண்டி கிளம்பும், ஒரு தலையசைப்பு. ஆறாவது முறை போனவர் திரும்பவில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டதாக மகள் போனில் சொன்னாள். காரை விற்றுவிடச் சொன்னாள். வாங்க வந்தவர் வில்லியனூர்க்காரர், இளைஞர். "எத்தனை மாசமா நிக்குது?" என்று கேட்டார். எட்டு மாதம் என்றேன். நம்பாமல் சிரித்துக்கொண்டே சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே கிளம்பியது.

போகும்போது சுவரில் தொங்கிய சின்னப் பெட்டியைக் காட்டி, அது என்ன என்றார். கழற்றி அவரிடமே கொடுத்தேன். சிவப்பு முனை எதில், கறுப்பு எதில் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன்.